குண்டு வைத்தால்தான் குண்டூசி

கூடுவதற்குக் கூரையும் தந்து, கூட்டத்துக்குத் தலைமையும் தாங்கும், கம்பி இழுக்கும் பெரியவர் ஜோசையா அவர்களே, முனை தீட்டித் தீட்டிப் பித்தளைத் தூளையே மூச்சாய் இழுக்கும் அண்ணன்மார்களே, குண்டு வைக்கும் தாய்மார்களே, கிளாஸ்டர் நகரத்துக் குண்டூசிப் பட்டறைகளின் கண்ணும் கையும் காலுமான என் உறவுகளே, கெசையாவின் வணக்கம்.

ஒருவர் கம்பி இழுக்கிறார். ஒருவர் நிமிர்த்துகிறார், ஒருவர் நறுக்குகிறார், ஒருவர் தீட்டுகிறார். பெண்கள் நாங்கள் மிதிகட்டையை மிதித்து, மேலிருந்து சுத்தியை இறக்கி, ஊசியின் தலையில் குண்டு வைக்கிறோம். அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மெர்சி இருபத்திரண்டு ஆண்டுகள் வைத்தாள். கடுகினும் சிறிய குண்டை உற்று உற்றுப் பார்த்தே அவள் கண் மங்கியது. மங்கிய மறுவாரமே முதலாளி வின்ஸ்லேட் அவளை வெளியே அனுப்பினார்.

நான் போய்க் கேட்டேன். ஊசிகளைத் தவிட்டில் புரட்டி மெருகேற்றும் தொட்டியைச் சுழற்றக் கண் எதற்கு, அந்த வேலையையாவது கொடுங்கள் என்றேன். இவளை வைத்திருந்தது குண்டு வைக்க மட்டும்தான் என்றார். அதோடு நிற்கவில்லை.

"நீ மட்டும் என்ன கெசையா? ஊசியில பத்துல ஒரு பங்கு தெரிஞ்சவ. ஒரே ஒரு குண்டூசிய முழுசா செஞ்சு காட்டு, அப்புறம் வந்து பேசு."

சிரிக்காதீர்கள் அண்ணா, செய்து காட்டினேன். நம் தலைவரிடம்தான் கம்பி வாங்கினேன். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை இழைத்து, மூன்று விரலைக் கிழித்துக்கொண்டு, ஒன்றே ஒன்று செய்தேன். அதுவும் கோணல். கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"நாள் முழுக்க ஒண்ணா? என் பத்துப் பேரு சேர்ந்தா மூட்டை மூட்டையா வருதேடி" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

சபையோரே, கேட்டீர்களா? வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். தனியாள் செய்தால் ஒன்று, சேர்ந்து செய்தால் மூட்டை. அப்படியானால் அந்த மூட்டை எங்கிருந்து வந்தது? அவர் மேசையிலிருந்தா? அவர் மீசையிலிருந்தா? நாம் சேர்ந்து நின்றதிலிருந்து வந்தது.

"சேர்ந்தாத்தானேய்யா வருது? அந்தச் சேர்ந்ததுல மெர்சியும் ஒருத்திதானே?" என்றேன். ஊசியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

பத்தில் ஒரு பங்குதானாம் நம் வேலை! ஆம், பத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கை நாளை நிறுத்திப் பார்ப்போம். குண்டு வைக்காத ஊசி எந்தத் துணியில் தங்கும்? குத்திய வழியே உருவிக்கொண்டு போகும். பின்வரிசை அம்மா கேட்கிறார், எத்தனை நாள் என்று. மெர்சி அந்தத் தவிட்டுத் தொட்டியருகே உட்காரும்வரை, அம்மா.

இதோ, என் சால்வையைப் பிடித்து நிற்பது அந்தக் கோணல் குண்டூசிதான். நான் செய்ததிலேயே இது மட்டும்தான் எனக்குச் சொந்தம்.

குளிரில் நடந்து வந்த உங்கள் கால்களுக்கு நன்றி. நாளைக் காலை மிதிகட்டையை மிதிக்க மறுக்கப்போகும் அதே கால்களுக்கு என் வணக்கம்.