தங்கச் சாயம் கலக்கும் முறை

வெள்ளிச் சாயம் வாங்கும்போது டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஐயா. உள்ளே கட்டி உருளும் சத்தம் கேட்டால் காசு கொடுப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம். பண்டார் ஹிலிரில் சீனத் தவுக்கே முதலாளி கடையில் நான் குலுக்குவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினாறு வருடமாகக் காஜா பெராங்கில் சாயக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கணேசமூர்த்தி கலந்த சாயம் உரிந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

எனக்குச் சோறு போட்டது பெயர்ப்பலகை. பேர் வாங்கிக் கொடுத்தது ஈயச் சிப்பாய்கள். வெள்ளைக்காரத் துரைமார் மேஜைமேல் அணிவகுக்க வைத்து விளையாடும் இரண்டு அங்குலப் பொம்மைகளைத்தான் சொல்கிறேன். மீசை நரைத்த மனிதர்கள்தான் விளையாடுவார்கள், நம்பித்தான் ஆக வேண்டும். சீமையிலிருந்து வெறும் ஈயமாக வரும். சட்டை, பித்தான், துப்பாக்கிமுனை எல்லாம் நாங்கள் தீட்டிக் கொடுக்க வேண்டும்.

இதில் பித்தான்தான் கஷ்டம். டின்னில் இருக்கும் தங்கச் சாயத்தை அப்படியே வைத்தால் ஜிகினா ஒட்டியதுபோல இருக்கும். ஆறடி ஆளுக்குப் பொருந்தும் பளபளப்பு இரண்டு அங்குல ஆளுக்குப் பொருந்தாது. பொடியைப் பட்டுத் துணியில் சலித்து, ஒரு சிட்டிகை செப்புப் பொடி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தங்கம் பச்சையடிக்கும். தங்கத்துக்கு அடியில் செங்காவி பூச வேண்டும், வெள்ளிக்கு அடியில் கறுப்பு. இதெல்லாம் யாரும் சொல்லித் தந்து வந்ததல்ல. நானாகக் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தது.

போன வருடம் மருதமுத்து வேலை கேட்டு வந்தான். செங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், லாரிகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தவன். என் வயதுதான், ஆனாலும் என்னை அண்ணே என்றே கூப்பிட்டான். நல்ல மனிதன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் பலகைக்கு அடிச்சாயம் பூசினான். ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது நான்கு சிப்பாய்களுக்குப் பித்தான் வைத்திருந்தான். தங்கத்தின்மேல் நீர்த்த காவியை ஓடவிட்டு, அது காய்ந்ததும் விளிம்பில் மட்டும் வெளிர்தங்கம் தொட்டிருந்தான். அவ்வளவுதான். பதினாறு வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

என் மனைவி கமலவேணி தேநீர் வைக்க வந்தவள் தட்டோடு நின்றுவிட்டாள்.

"ஏங்க, இவரு வச்ச பித்தான பாத்தீங்களா? வெயில்ல நிக்கிற ஆளு மாதிரி இருக்கு லா."

"என்னோடது?"

"உங்களோடதும் நல்லாத்தான் இருக்கு."

அந்த 'தான்' ஒரு வாரம் என் காதை விட்டுப் போகவில்லை. அவள்மேல் சந்தேகப்பட்டேனா என்று கேட்காதீர்கள். கமலவேணி அவனைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பிறகு மெர்டேக்கா, அதான் சுதந்திர நாள், நெருங்கியது. ஊர் முழுக்கத் தோரணம். ஒரு கிளப்பில் பெரிய மேஜைமேல் ஈயத்தில் சுதந்திர அணிவகுப்பு வைக்கப்போவதாகச் சொல்லி நூற்றிருபது பொம்மை அனுப்பினார்கள். சிப்பாய்கள் தொண்ணூற்றாறு. பேண்டு வாத்தியக்காரர்கள் இருபத்துநான்கு. ஊதுகொம்பும் எக்காளமுமாக முழுக்க முழுக்கத் தங்கச் சாயத்து வேலை. கிளப் செயலாளர் பூதக்கண்ணாடியோடு மாதிரி பார்க்க வந்தார். நான் தீட்டியதை எடுத்தார், தலையாட்டினார், வைத்தார். மருதமுத்து தீட்டியதை எடுத்தவர் வைக்கவே இல்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைத் தீட்டியவன் பேண்டு முழுவதையும் செய்யட்டும், மேஜைமேல் வைக்கும் அட்டையில் அவன் பெயரைப் போடுகிறேன் என்று மலாயில் சொன்னார். என் கடையில், என் முன்னால், நான் கலந்த சாயத்துக்கு.

அன்று சாயங்காலம் மருதமுத்து என்னிடம் வந்தான்.

"அண்ணே, உங்க பேரையும் போடச் சொல்லிக் கேட்டேன். அட்டையில ஒரு பேருதான் கொள்ளுமாம். மனசுல வச்சிக்காதீங்க லா."

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது சரிதான். ஆனால் இன்னொரு கத்தி வந்து நம்மைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது. எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, எரிந்தது. அதற்காகப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை கையாலாகாதவனுக்கு வருவது.

இனி அந்த அறை. கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. தங்கம் வைக்கும்போது காற்று ஆகாது, ஈரத்தில் தூசி ஒட்டிவிடும். அதனால் ஜன்னலைப் பலகை அடித்துக் காகிதம் ஒட்டியிருந்தோம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. காற்றில் தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே ஒருவர் உள்ளே வேலை செய்தால் மற்றவர் வெளியே கொக்கி போடுவது எங்கள் வழக்கம். வேலை முடிந்தால் உள்ளிருந்து இரண்டு தட்டு. வெளியிலிருப்பவர் திறப்பார். நான் உள்ளே இருந்தபோது அவன் எத்தனையோ முறை திறந்திருக்கிறான். ஒருநாளும் தாமதித்ததில்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் சாயம் பால்போல வெளுத்துவிடும். அறையைச் சூடாக்கக் கரியடுப்பை உள்ளே வைப்போம். தங்கப் பொடியைக் கரைக்கும் எண்ணெய் வாழைப்பழ வாசனை அடிக்கும். கேட்க நன்றாக இருக்கும், நெருப்பை மட்டும் அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. எப்போதும் ஒரு பால்டின் அளவுதான் உள்ளே போகும். அன்று பேண்டு வேலை முடிகிற நாள். பொடி டின்கள் மூன்றையும், அவன் கேட்ட எண்ணெயையும் நானே கொண்டுபோய் வைத்தேன். பால்டின் அல்ல, முழுத் தகர டின். மூடி சரியாக இறுகவில்லை. அடுப்பை ஒட்டி, கதவுப் பக்கமாக வைத்தேன். அவன் குனிந்து கடைசி எக்காளத்துக்கு விளிம்பு தொட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. "நன்றி ணே" என்றான். நான் வெளியே வந்து கொக்கியைப் போட்டேன்.

பிறகு கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கலக்க உட்கார்ந்தேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஐயா. பாயை உதறுவது போல ஒரு சத்தம். அப்புறம் தட்டினான். வீட்டுப் பக்கமிருந்து கமலவேணி ஓடி வந்தாள்.

"என்னங்க, கதவ தட்டுறாரு, தொறங்க!"

"ரெண்டு தட்டு தட்டினாத்தான் வேல முடிஞ்சதா அர்த்தம்," என்றேன். "இது ரெண்டு இல்ல."

அது உண்மை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கொக்கியைப் பிடித்தாள். இரும்பு சுட்டு அவள் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் கதவைத் திறந்தபோது அவன் தட்டுவதை நிறுத்தியிருந்தான். பேண்டு இருபத்துநான்கும் உருகித் தரையில் ஒரே ஈயமாகக் கிடந்தது. அதன்மேல் அங்கங்கே தங்கம் மினுங்கியது. செப்பு சரியான அளவில் கலந்திருந்தது தெரிந்தது.

அன்றிலிருந்து கமலவேணி என்னிடம் பேசவில்லை. கைக்கட்டு அவிழ்த்த மறுநாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாளே, அதுவரைக்கும் யாரிடமும் பேசவில்லை.

கிளப்பில் அணிவகுப்பை வைத்தார்கள். பேண்டு இல்லாமல் தொண்ணூற்றாறு சிப்பாய்கள் மட்டும். வாத்தியக்காரர்கள் எங்கே என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்களாம். அட்டையில் ஒரே பெயர்தான், என் பெயர். அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், அந்தச் சிப்பாய்கள் நான் தீட்டியவை.

தட்டும் சத்தம் கேட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். பொடி கலந்த சாயத்தில் கை நிற்கக் கூடாது, ஐயா. நின்றால் தங்கம் அடியில் படிந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் எழும்பாது. அதனால்தான் எழுந்திருக்கவில்லை. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

பொடி டின்கள் மூன்றும் அறைக்குள் இருந்தனவே, கிண்ணத்தில் எதைக் கலக்கினாய் என்கிறீர்கள். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை, ஐயா. ஆனால் நான் ஒரு நிமிடம்கூடக் கையை நிறுத்தவில்லை.