போனில் வந்த பம்பு

முப்பது வருஷமாகத் தண்ணீர் பம்பு பழுது பார்க்கிற ஒரு மனுஷருக்குத் தன் நெஞ்சுக்குள் ஓடும் பம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

— ஏம்மா, இவ்ளோ நேரம் பட்டறை போன்ல யாரு?

— புது ஆளுங்க. அவர் பம்புல வால்வு சுருங்கிப் போச்சாம். அதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் மீட்டர், பின்னாடி ஒரு மீட்டர் வச்சிருக்காரு. போன வருஷம் ரெண்டுக்கும் வித்தியாசம் நாப்பத்தெட்டு.

— நல்ல அடைப்புதான்.

— இப்ப இருபத்தாறாம். அடைப்பு தானா விலகிடுச்சுன்னு ஒரே சந்தோஷம்.

— தானாவா?

— என்னங்க, ஸ்பேனரும் கையுமா நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்ல... மூச்சு வாங்குது.

— ஸ்டூல்ல உக்காருங்க. அவருக்கு என்ன சொல்ல?

— ஆளு என்ன வேலை பாக்குறாரு?

— உங்களை மாதிரி மெக்கானிக்காம்.

— மெக்கானிக்கா? வெளிய சொல்லிடாத, எங்க மானம் போயிடும். தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டியா?

— மாடிக்கு ஏறவே மாட்டேங்குதாம். நூறு லிட்டர் உள்ள வந்தா முப்பதுதான் வெளிய தள்ளுதாம்.

— மீதி எழுபது?

— உள்ளயே... நிக்குமாம்.

— ம்... நிக்குமா.

— சொல்லுங்களேன்.

— வால்வு திறக்கலம்மா. பம்புக்குத் தெம்பு போச்சு. தண்ணி வேகமா போய் முட்டினாத்தானே வித்தியாசம் ஏறும்? மெதுவா போனா முள்ளு இறங்கத்தான் செய்யும்.

— அப்ப முள்ளு இறங்கினது...

— நல்லதுக்கில்ல. அந்தச் சின்ன ஓட்டை வழியா தள்ளித் தள்ளியே ஓஞ்சு போச்சு.

— என்ன செய்யணும்?

— கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பாக்கணும். வித்தியாசம் மறுபடி எகிறினா, கோளாறு வால்வுலதான். மாத்திடணும்.

— டாக்டரும் அதையேதான் சொன்னாரு. மருந்து ஏத்தி, வேகமா துடிக்க விட்டுப் பாக்கணுமாம்.

— எந்த டாக்டர்?

— உங்க டாக்டர்தான். "நம்பர் பாதியா குறைஞ்சிடுச்சு, ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க"ன்னு சொன்னீங்கல்ல... நேத்து உங்க ஹார்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு நான் மட்டும் போய்ட்டு வந்தேன். நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காரு. போன்ல யாருமே இல்லைங்க.

— தெரியும்.

— எப்பத்திலிருந்து?

— எழுபது உள்ளயே நிக்கும்னியே, அப்ப. எந்தத் தண்ணி பம்பு அப்படி நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கும்?

— தெரிஞ்சுமா பதில் சொல்லிக்கிட்டே வந்தீங்க?

— ரிப்போர்ட் வந்த அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. பயம். நீ நம்பிட்டா நானும் நம்பிடலாம்னு பாத்தேன்... வேற எவனோட பம்பு மாதிரி நீ கேட்டதும், வாய் உண்மையைச் சொல்லிடுச்சு.

மறுநாள் காலை பட்டறை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். இருபத்தாறு, ஐம்பத்திரண்டானது. ஆபரேஷனுக்கு அவரே தேதி கேட்டார்.