மூன்றாவது வைனுக்கு இறால்

இந்திராதேவி: ஐஸ் இல்லை.

பேரின்பநாதன்: இருக்கு. தண்ணியா இருக்கு.

இந்திராதேவி: விளையாடாதையுங்கோ. பெட்டிக்குள்ளை கையை விட்டுப் பாத்தனான்... வெதுவெதுப்பா இருக்கு. இறால் சட்டி அதுக்குள்ளை மிதக்குது.

பேரின்பநாதன்: மெல்லக் கதையும். கதவுக்கு அங்காலை வைன் தோட்டத்து முதலாளி மதாம் நிக்கிறா.

இந்திராதேவி: அவவுக்குத் தமிழ் விளங்காது.

பேரின்பநாதன்: உம்மடை முகம் விளங்கும்.

இந்திராதேவி: பெட்டியை வானிலை ஏத்தினது ஆர்?

பேரின்பநாதன்: நான்தான்.

இந்திராதேவி: மூடியை இறுக்கினனீங்களே?

பேரின்பநாதன்: வில்லரேயிலை, வீட்டு வாசலிலை வைச்சு இறுக்கினனான். பேந்து சம்பிளேன் பாலத்திலை வாகன நெரிசலுக்குள்ளை நிண்ட நேரம் வெய்யில் அதைத் திறந்திருக்கும். எங்களுக்கு முன்னுக்கு நிண்ட காரின்ரை ரயர் உருகி ஓடினது. அந்த மனுசன் இறங்கி, அகப்பையாலை வழிச்சு எடுத்துத் திரும்பப் பூசிப்போட்டு ஓடினவர்.

இந்திராதேவி: நான் உங்களுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான்.

பேரின்பநாதன்: நீர் நித்திரை.

இந்திராதேவி: இறாலும் தேங்காய்ப்பாலும். பழுதாகிறதுக்கு நேரம் வேணுமே? மொன்ட்ரியால்-நோரிலை அந்தக் கல்யாணவீட்டை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

பேரின்பநாதன்: ஏன் இப்ப அதை...

இந்திராதேவி: மாப்பிள்ளை பகுதி முழுக்க ஆஸ்பத்திரியிலை. மணவறையிலை ஐயர் மட்டும்தான் மிச்சம். ஒரு கிழவர் திரும்பி வீட்டை வரவேயில்லை. சமைச்ச அஜிதாவை அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒரு வடை சுட்டுத் தரச்சொல்லிக் கூடக் கேக்கேல்லை.

பேரின்பநாதன்: அது கோழி.

இந்திராதேவி: இது இறால்.

பேரின்பநாதன்: கோழியை விடச் சின்னன்.

இந்திராதேவி: நீங்கள் பகிடி விட்டுக்கொண்டு நில்லுங்கோ... இந்தாங்கோ, ஒண்டை எடுத்து வாயிலை வையுங்கோ.

பேரின்பநாதன்: விடியக் காலமை வீட்டிலை ருசி பாத்துச் சொன்னனான்தானே.

இந்திராதேவி: அப்ப ஐஸ் இருந்தது.

பேரின்பநாதன்: நீர் ஒருக்கா மணந்து பாருமன். சமைச்ச ஆளுக்குத்தான் கெதியாப் பிடிபடும்.

இந்திராதேவி: நானோ? கோயில் படையலுக்குச் சமைச்சுப் பழகின கை இது. சமைக்கிற ஆள் வாயிலை வைக்கிறதும் இல்லை, மணந்து பாக்கிறதும் இல்லை. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நான் சமைக்கிறன், நீங்கள் ருசி பாக்கிறியள். இண்டைக்கென்ன புதுசா?

பேரின்பநாதன்: இஞ்ச சாமி இல்லை. வைன் தோட்டம்.

இந்திராதேவி: கைக்கு அது தெரியாது.

பேரின்பநாதன்: சரி, தாரும்... ம்.

இந்திராதேவி: என்ன ம்?

பேரின்பநாதன்: பஞ்சு மாதிரி இருக்கு.

இந்திராதேவி: பஞ்சோ கல்லோ எண்டு நான் கேக்கேல்லை. பழுதோ, இல்லையோ?

பேரின்பநாதன்: புளிக்குது.

இந்திராதேவி: ஐயோ...

பேரின்பநாதன்: பொறும். தேசிக்காய் விட்டனீரோ?

இந்திராதேவி: விட்டனான். மூண்டாவது வைனுக்குக் கொஞ்சம் புளிப்பாத் தாங்கோ எண்டு மதாம் கேட்டவ.

பேரின்பநாதன்: அப்ப அந்தப் புளிப்பாத்தான் இருக்கும்.

இந்திராதேவி: இருக்கும் எண்டால்? தேசிக்காய்ப் புளிப்போ, பால் திரிஞ்ச புளிப்போ எண்டு மூக்குச் சொல்லுமே. மணந்து பாருங்கோ.

பேரின்பநாதன்: மணந்தனான். இறால் மணம்.

இந்திராதேவி: என்ன மாதிரி இறால் மணம்?

பேரின்பநாதன்: கேளும். நான் டோர்வலிலை பிளேன் சாப்பாட்டுக் குசினியிலை வேலை செய்யேக்கை ஒரு நாள் வெளியிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கிறன். மேலாலை ஒரு பிளேன் போகுது. நிமிர்ந்து ஒருக்கா மணந்தன். பின் சீற்றிலை ஒரு மனுசிக்கு வைச்ச மீன் சரியில்லை. உடனை சொல்லிவிட்டன். பிளேனைத் திருப்பி இறக்கினவங்கள். பைலற் இறங்கி வந்து எனக்குக் கை தந்தவர்.

இந்திராதேவி: போன வருசம் இந்தக் கதையைச் சொல்லேக்கை பிளேன் கீழை நிண்டது.

பேரின்பநாதன்: அது வேறை பிளேன்.

இந்திராதேவி: பிளேனை விடுங்கோ, நான் கேட்டது இறாலை... வேர்க்குது உங்களுக்கு.

பேரின்பநாதன்: அடுப்புச் சூடு.

இந்திராதேவி: அடுப்பு இன்னும் மூட்டேல்லை.

யோசெப்: அண்ணை, அக்கா, ரெண்டாவது வைன் ஊத்தியாச்சு. உங்கடை ரோல்ஸை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகினம். இறாலைச் சூடாக்குங்கோ.

இந்திராதேவி: இப்பவேயோ, யோசெப்?

யோசெப்: பின்னை? மூண்டு வைன், மூண்டு சாப்பாடு, அவ்வளவும்தானே. கத்தரிக்காய் முடிஞ்சுது, ரோல்ஸ் முடியுது. இறால் நல்லா வந்தால் இந்தக் கோடை முழுக்க நீங்கள்தான் எண்டு மதாம் என்னட்டைச் சொன்னவ. நான் இஞ்ச வைன் ஊத்துறவன், நான் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டவ. என்ரை மானத்தைக் காப்பாத்துங்கோ.

பேரின்பநாதன்: வந்திருக்கிற ஆக்கள் எப்பிடி? நல்ல திடமான ஆக்களோ?

யோசெப்: திடமோ? மதாமின்ரை தாயும் வந்து இருக்கிறா. மூக்கிலை ஒட்சிசன் குழாய், சக்கரக் கதிரை. இண்டைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு ஆசைப்பட்டுச் சாப்பிடுறாவாம்.

இந்திராதேவி: முருகா...

யோசெப்: ஒரு வயித்துப்பிள்ளைக்காரியும் வந்திருக்கிறா, அக்கா. அவ வைன் தொடுறேல்லை. சாப்பாட்டுக்கு மட்டும்தான் வந்தவ. இறால் எப்ப வரும் எண்டு ரெண்டு தரம் கேட்டிட்டா.

பேரின்பநாதன்: நீர் போய் உம்மடை வைன் கதையைச் சொல்லும். கொஞ்சம் நீட்டிச் சொல்லும்.

யோசெப்: எல்லாம் சொல்லி முடிச்சிட்டன். பச்சை அப்பிள், வெட்டின புல்லு, மழையிலை நனைஞ்ச கல்லு...

பேரின்பநாதன்: நனைஞ்ச கல்லை எங்க போய் நக்கிப் பாத்தனீர்?

யோசெப்: தொழில் அண்ணை, தொழில். கெதியாச் சூடாக்குங்கோ. நான் தட்டம் எடுத்துக்கொண்டு வாறன்.

இந்திராதேவி: போட்டார். இனி என்ன செய்யப் போறம்?

பேரின்பநாதன்: நல்லாக் கொதிக்க வைப்பம்.

இந்திராதேவி: பழுதான இறாலைக் கொதிக்க வைச்சால் சூடான பழுது. வேறை என்ன?

பேரின்பநாதன்: அப்ப கொட்டுவம். சட்டி தவறி விழுந்திட்டுது எண்டு சொல்லுவம். நானே வழுக்கி விழுறன். விழுறதிலை எனக்கு அனுபவம் இருக்கு, ஒருக்கா மூண்டாம் மாடியிலையிருந்து விழுந்து நாலாம் மாடிக்குப் போனனான்.

இந்திராதேவி: நல்ல இறாலாய் இருந்தால்? நல்ல சாப்பாட்டைக் கொட்டிப்போட்டு, உள்ளை போய் வெறும் கையைக் காட்டிக்கொண்டு நிக்கிறதே? இந்தக் கோடையை நம்பித்தானே வீட்டுக் குசினியைப் பெருப்பிச்சனாங்கள்.

பேரின்பநாதன்: குடுத்து, அது பழுதாய் இருந்தால்?

இந்திராதேவி: அந்தப் பிள்ளைத்தாய்ச்சி...

பேரின்பநாதன்: சொல்லாதையும்.

இந்திராதேவி: குழாய் பூட்டின மனுசி...

பேரின்பநாதன்: சொல்லாதையும் எண்டுறன். எனக்கும் பயமாக் கிடக்கு.

இந்திராதேவி: நீங்கள் பயந்து நான் கண்டதில்லை. பனியிலை வான் வழுக்கி மதிலிலை ஏறேக்கையும் கதை சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்... உண்மையைச் சொல்லுங்கோ. இறால் நாறுதோ?

பேரின்பநாதன்: ...யோசெப்பைக் கேப்பம்.

இந்திராதேவி: எதைக் கேப்பம்? எங்கடை சாப்பாடு பழுதோ எண்டோ? அவர் ஓடிப்போய் மதாமிட்டைச் சொல்லுவார்.

பேரின்பநாதன்: பழுதோ எண்டு கேக்கிறேல்லை. வைனோடை சேருமோ எண்டு கேக்கிறது. நாள் முழுக்க மணந்து மணந்து பிழைக்கிற மனுசன். பழுதெண்டால் அந்த மூக்கு உடனை சுருங்கும். நீர் அடுப்பை மூட்டும்.

இந்திராதேவி: மூட்டுறன்... ஆவி வருது. கதவைப் பாருங்கோ, அவர்தான் வாறார்.

யோசெப்: தட்டம் வந்தது. கிண்ணங்களிலை போடுங்கோ, அக்கா.

பேரின்பநாதன்: போடுறம். யோசெப், உம்மடை அந்தத் தொழில் மூக்கை இதுக்குள்ளை ஒருக்கா வையும்.

யோசெப்: நானோ?

பேரின்பநாதன்: வைனோடை இது சேருமோ எண்டு சொல்லும். உம்மை விட்டால் இஞ்ச ஆருக்குத் தெரியும்?

யோசெப்: நீங்கள் ரெண்டு பேரும் சமையல்காரர். நான் என்னத்தைச் சொல்ல...

இந்திராதேவி: தம்பி, ஒருக்கா. ஒரே ஒருக்கா. கிட்டப் பிடிச்சு, வடிவா இழுத்து.

யோசெப்: சரி அக்கா... ம்... ம்.

பேரின்பநாதன்: மூக்குச் சுருங்கேல்லை, பாத்தீரே?

இந்திராதேவி: சும்மா இருங்கோ, அவரை விடுங்கோ.

யோசெப்: முதல் கடல் வருது. பிறகு தேசிக்காய். கடைசியிலை கொஞ்சம் புகை, கொஞ்சம் தேங்காய்.

இந்திராதேவி: வேறை ஒண்டும் வரேல்லையோ? ஏதேனும்... கூடாத மணம்?

யோசெப்: என்ன அக்கா கேள்வி? முதல் தரம். மூண்டாவது வைனுக்கெண்டே பிறந்த இறால்.

இந்திராதேவி: அப்பாடா... கொண்டு போம் தம்பி, கொண்டு போம்.

யோசெப்: மதாம் கை காட்டினாப் பிறகுதான் உள்ளை போகலாம். அவவின்ரை பூட்டன் முதல் கொடி நட்ட கதை இன்னும் முடியேல்லை. நான் கதவடியிலை நிக்கிறன்.

பேரின்பநாதன்: நல்ல கதையே அது?

யோசெப்: உங்கடையை விடக் கட்டை.

இந்திராதேவி: இஞ்சேருங்கோ, எனக்கு இருக்கவேணும் போலை இருக்கு.

பேரின்பநாதன்: இந்தப் பெட்டியிலை இரும். ஏன் அழுறீர்? எல்லாம் சரி வந்திட்டுதே.

இந்திராதேவி: உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். கோபிக்கக் கூடாது... எனக்கு மணம் வாறேல்லை.

பேரின்பநாதன்: எது வாறேல்லை?

இந்திராதேவி: மணம். போன பனிக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டும் வாறேல்லை.

பேரின்பநாதன்: படையல் கை எண்டு சொன்னீர்?

இந்திராதேவி: அது உண்மைதான். ஆனால் முந்தி சட்டிக்கு மேலை குனிஞ்சு கள்ளமா மணப்பன். முருகன் கண்டும் காணாமல் விட்டிருப்பார். இப்ப குனிஞ்சால் சூடு மட்டும்தான் முகத்திலை அடிக்குது.

பேரின்பநாதன்: ஏன் எனக்குச் சொல்லேல்லை?

இந்திராதேவி: சொன்னால் கேட்டரிங்கை விடு எண்டுவியள். நீங்கள்தானே எல்லாத்தையும் ருசி பாக்கிறியள், அந்தத் துணிவிலை இருந்தன்... எங்கை, இதுக்கும் ஒரு கதை சொல்லுங்கோ. ஒரு பிளேனும் வரேல்லையோ?

பேரின்பநாதன்: இந்திரா.

இந்திராதேவி: என்ன?

பேரின்பநாதன்: அந்தக் காய்ச்சல் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தானே வந்தது.

இந்திராதேவி: ஓம்...

பேரின்பநாதன்: அதுக்குப் பிறகு நீர் தந்த கோப்பி முழுக்க எனக்குச் சுடுதண்ணி.

இந்திராதேவி: விசர்க்கதை கதையாதையுங்கோ. உப்புக் காணும், தூள் காணாது எண்டு நாள் தவறாமல் சொல்லுறியள்.

பேரின்பநாதன்: உப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரியும். மிச்சத்தை உம்மடை முகத்தைப் பாத்துச் சொன்னனான்.

இந்திராதேவி: நான் உங்கடை முகத்தைப் பாத்தல்லோ ஒவ்வொரு நாளும் அடுப்பை நிப்பாட்டினனான்...

பேரின்பநாதன்: மெல்ல. யோசெப்புக்குக் கேக்கும்.

இந்திராதேவி: இவ்வளவு நாளும் சனத்துக்கு என்னத்தைக் குடுத்தம்?

பேரின்பநாதன்: ஆரும் சாகேல்லை. இண்டைக்கும் ஒண்டும் நடவாது. யோசெப்பின்ரை மூக்கு எங்களைக் காப்பாத்திப் போட்டுது. மூண்டு பேரிலை ஒராளுக்கு இருந்தால் காணும்.

யோசெப்: அண்ணை.

பேரின்பநாதன்: என்ன, மதாம் கை காட்டிட்டாவோ?

யோசெப்: காட்டிட்டா.

பேரின்பநாதன்: பின்னை ஏன் நிக்கிறீர்? போம்.

யோசெப்: நீங்கள் கதைச்சது கேட்டது.

இந்திராதேவி: தம்பி, உம்மைக் கும்பிடுறன், மதாமிட்டைச் சொல்லிப்போடாதையும். நீர் நல்லது எண்டு சொன்னது போதும் எங்களுக்கு.

யோசெப்: நீங்கள் ரெண்டு பேரும் பாத்து முடிச்சு, மரியாதைக்குத்தான் என்னைக் கேக்கிறியள் எண்டு நினைச்சன்... அக்கா, இந்தத் தட்டத்தை வாங்கிக் கீழை வையுங்கோ. கொரோனாவோடை போன என்ரை மணம் இன்னும் திரும்பி வரேல்லை. மதாம் பாடமாக்கித் தந்ததைத்தான் ஒவ்வொரு நாளும் ஒப்பிச்சுக்கொண்டு இருக்கிறன்.