வலது காலுக்கு லீவு

அத்தை: ...அதான் சொல்றேன் மாப்ள, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

மாப்பிள்ளை: நேத்துன்னா எந்த நேத்து அத்தை? போன வாரமே ஓடலன்னு உங்க பொண்ணு சொன்னா.

அத்தை: ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு.

மாப்பிள்ளை: பட்டன அழுத்தினா என்ன ஆகுது?

அத்தை: ஒன்னும் ஆகல. அதான் வியாதி. முன்னெல்லாம் மெயின் ரோட்டுல ஏறி, ஒரு வேகம் பிடிச்சு, இந்த க்ரூஸ் பட்டன அழுத்தினேன்னா கால எடுத்துடலாம். வண்டி அதுபாட்டுக்கு அதே வேகத்துல போகும். நான் ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சுக்கிட்டு, முட்டிய நீட்டிக்கிட்டு, மகாராணி கணக்கா போவேன். இப்ப அழுத்தினா... கேக்காத காதுல பேசற மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: வண்டிக்கும் வயசாகுதுல்ல அத்தை. ஒரு காலத்துக்கு மேல...

அத்தை: ஒரு காலத்துக்கு மேல?

மாப்பிள்ளை: ...வண்டியச் சொன்னேன்.

அத்தை: நானும் வண்டியத்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை: இல்ல, இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது. க்ரூஸ் பெட்டியே போயிருந்தா ஒன்னும் பண்ண முடியாது. பேசாம...

அத்தை: பேசாம வித்துடலாம். அதான் நாளைக்கு காலைல வண்டியப் பாக்க ஆள் வரப்போகுதே. க்ரூஸ் சரியானா வண்டி எனக்கு, ஆகலன்னா சாவி அவளுக்கு. உங்க வீட்டம்மா தன் வாயால சொன்னது. நீங்க சாட்சி.

மாப்பிள்ளை: சாட்சிதான்...

அத்தை: வண்டி போனா நர்சரியும் போச்சு. இத்தனை செடிய நான் தலையில சுமந்துட்டா டவுனுக்கு வரப்போறேன்? அப்புறம் உங்க ஃபிளாட்டு பின் ரூம்ல உக்காந்துக்கிட்டு, பால்கனில இருக்கற தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டு...

மாப்பிள்ளை: நல்லா பாத்துக்குவோம் அத்தை.

அத்தை: பாத்துக்குவீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதான் பயமா இருக்கு.

மாப்பிள்ளை: அவ மட்டும் வேணும்னா செய்யறா? அன்னைக்கு நடு ரோட்டுல உங்க கால் மரத்துப்போய், ஆக்ஸிலேட்டர்லேர்ந்து எடுக்க வராம... அதைக் கேட்டதுலேர்ந்து அவளுக்குத் தூக்கமே இல்ல. ஃபோன் அடிச்சாலே திடுக்குனு எந்திரிக்கறா.

அத்தை: எனக்குத் தெரியாதா. பயம் அவளுக்கு, முட்டி எனக்கு. டாக்டர் என்ன சொன்னாரு? வண்டி ஓட்டாதேன்னா சொன்னாரு? மணிக்கணக்கா ஒரே கால அழுத்திட்டு இருக்காதீங்கன்னாரு. அதுக்குத்தான் பட்டன் இருக்கே.

மாப்பிள்ளை: இருந்துச்சு.

அத்தை: சரி விடுங்க. உங்களால ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிடுங்க, தப்பில்ல. லிஃப்டு வேலை வேற, வண்டி வேலை வேற.

மாப்பிள்ளை: ஆகாதுன்னு யாரு சொன்னா?

அத்தை: லிஃப்டு நேரா மேல போகுது, நேரா கீழ வருது. வளைவா, திருப்பமா... அதுல என்ன பெரிய...

மாப்பிள்ளை: அத்தை, ஒரு லிஃப்டுக்குள்ள எத்தனை சுவிட்சு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? ஏதோ ஒரு மாடில ஒரு கதவு நூலளவு திறந்திருந்தா மொத்த லிஃப்டும் நகராது. எந்தக் கதவுன்னு நாங்கதான் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்கணும்.

அத்தை: அப்படியா... அப்ப இது உங்களுக்கு ஜுஜுபியா இருக்கணுமே.

மாப்பிள்ளை: ...டார்ச் இருக்கா?

அத்தை: இந்தாங்க. ஸ்பேனர் பெட்டி உங்க காலடியில.

மாப்பிள்ளை: ஹாரன் அடிங்க.

அத்தை: எதுக்கு, யாரு குறுக்க நிக்கறா?

மாப்பிள்ளை: அடிங்க, சொல்றேன்... ம். ஸ்டியரிங்குக்குள்ள போற ஒயர் நல்லாருக்கு. ஃபியூஸும் நல்லாருக்கு. க்ரூஸ் பெட்டிலேர்ந்து ஆக்ஸிலேட்டருக்குப் போற கேபிள்... இதுவும் அறுந்து போகல... ஆங். இங்க பாருங்க.

அத்தை: என்ன?

மாப்பிள்ளை: இந்த ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு. இன்ஜின் இது வழியா காத்த உறிஞ்சித்தான் க்ரூஸ் கேபிள இழுக்குது. ஓட்டையா இருந்தா எப்படி இழுக்கும்? இந்தக் குழாய்க்கு இப்ப நான் எங்க...

அத்தை: இந்த அளவு போதுமா?

மாப்பிள்ளை: இது எங்கேர்ந்து?

அத்தை: செடிக்குத் தண்ணி விடற குழாய். சுருள் சுருளா கிடக்கு. எவ்வளவு நீளம் வெட்டட்டும்?

மாப்பிள்ளை: ஒரு சாண்... அடடே, அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு. ஏறுங்க அத்தை, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்.

அத்தை: பின்னாடி செடி ஏத்தியிருக்கே.

மாப்பிள்ளை: இருக்கட்டும். வண்டி எடுங்க... மெயின் ரோட்டுக்கு வந்தாச்சு. வேகம் பிடிங்க... இன்னும்... இன்னும்... இப்ப. அழுத்துங்க.

அத்தை: அழுத்திட்டேன்.

மாப்பிள்ளை: கால எடுங்க.

அத்தை: எடுத்துட்டேன்... மாப்ள, வேகம் இறங்குது.

மாப்பிள்ளை: பொறுங்க.

அத்தை: பின்னாடி வர்றவன் திட்டிட்டுப் போறான் மாப்ள.

மாப்பிள்ளை: ...திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்.

அத்தை: ஃபோன் அடிக்குது பாருங்க. அவளாத்தான் இருக்கும்.

மாப்பிள்ளை: ஹலோ... ஆமா... பாத்துக்கிட்டுதான் இருக்கேன்... இல்ல, இல்ல... சரி... தெரியும்... அதெல்லாம் ஞாபகம் இருக்கு... சரி... சரி... வைக்கறேன்.

அத்தை: என்னவாம்?

மாப்பிள்ளை: சாப்டீங்களான்னு கேட்டா.

அத்தை: சாப்டறதுக்கு இத்தனை ‘சரி’யா?

மாப்பிள்ளை: ...அத்தை, நான் கைய கழுவிக்கறேன். என்னால முடிஞ்ச வரைக்கும் பாத்துட்டேன்.

அத்தை: அதுக்கென்ன மாப்ள, பாவம், எவ்வளவு நேரம் குனிஞ்சு கிடந்தீங்க. சோப்பு அங்க இருக்கு. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா? யாராவது தெரிஞ்ச ஆளாப் பாத்து...

மாப்பிள்ளை: தெரிஞ்ச ஆளா?

அத்தை: உங்களச் சொல்லல. நீங்க லிஃப்டுல கெட்டிக்காரர்.

மாப்பிள்ளை: ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதையும் பாத்துடறேன். அதுக்கப்புறம் சத்தியமா கை கழுவிடுவேன்.

அத்தை: உங்க இஷ்டம். நான் வற்புறுத்தவே இல்ல.

மாப்பிள்ளை: ஏறி உக்காந்து பிரேக்க மிதிங்க. பிரேக் தொட்டா க்ரூஸ் நிக்கணும், அதுதான் கணக்கு. பிரேக்குல இருக்கற சுவிட்சு குழம்பியிருந்தா, நீங்க எந்நேரமும் பிரேக்குலயே நிக்கறதா பெட்டி நினைச்சுக்கும். நான் பின்னாடி போய் லைட்டு எரியுதான்னு பாக்கறேன்.

அத்தை: பின்னாடி எதுக்கு? அங்கெல்லாம் சேறு. நீங்க முன்னாடியே இருங்க, நான் போய்ப் பாத்துச் சொல்றேன்.

மாப்பிள்ளை: அப்ப பிரேக்க யாரு மிதிக்கறது?

அத்தை: ...அதுவும் சரிதான்.

மாப்பிள்ளை: மிதிங்க... விடுங்க... மிதிங்க. எரியுது. நல்லாத்தான்... அத்தை.

அத்தை: ம்.

மாப்பிள்ளை: வண்டி பூரா துரு. இந்த லைட்டு ரெண்டும் மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சுன்னு?

அத்தை: கழுவினேன்.

மாப்பிள்ளை: கழுவினா கடை ஸ்டிக்கர் முளைக்குமா? இன்னும் உரிக்கக்கூட இல்ல.

அத்தை: ரிவர்ஸ் எடுக்கறப்போ தண்ணித் தொட்டி தூணு குறுக்க வந்துடுச்சு.

மாப்பிள்ளை: தூணு வந்துச்சா?

அத்தை: ஒரு பக்கம்தான் உடைஞ்சுது. ஒன்னு புதுசு ஒன்னு பழசுன்னா காட்டிக் குடுத்துடும்னு ரெண்டையும் மாத்தினேன். கடைக்காரன் பல்பும் புது மாதிரி போட்டுக் குடுத்தான், நல்லா பளீர்னு எரியும்னான். அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சாவிய பிடுங்கியிருப்பா.

மாப்பிள்ளை: இது எப்ப நடந்தது?

அத்தை: கொஞ்ச நாள் முன்னாடி.

மாப்பிள்ளை: க்ரூஸ் எப்ப நின்னுது?

அத்தை: அதுவும்... கொஞ்ச நாள் முன்னாடி.

மாப்பிள்ளை: ரெண்டு கொஞ்ச நாளும் ஒரே கொஞ்ச நாளா?

அத்தை: இப்ப யோசிச்சா... லைட்டு மாத்தின மறுநாள்.

மாப்பிள்ளை: காலைலேர்ந்து நான் இன்ஜினுக்குள்ள தலைய விட்டுட்டுக் கிடக்கேன். நீங்க பக்கத்துல நின்னு குழாய் வெட்டிக் குடுக்கறீங்க.

அத்தை: பின்னாடி லைட்டுக்கும் முன்னாடி பட்டனுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கண்டேனா?

மாப்பிள்ளை: சம்பந்தமா? அத்தை, இது எல்.இ.டி.

அத்தை: அதுக்கு?

மாப்பிள்ளை: க்ரூஸ் பெட்டி எப்பவும் பிரேக் லைட்டு ஒயர்ல துளிக் கரண்ட்டு விட்டுப் பாக்கும். பழைய பல்புல ஒரு கம்பி இருக்குல்ல, அது வழியா அந்தக் கரண்ட்டு இறங்கிடும். இறங்கினா, ஒயரெல்லாம் ஒழுங்கா இருக்கு, தைரியமா ஓட்டலாம்னு பெட்டி நம்பும். இந்தப் புது பல்பு அந்தத் துளிய உள்ளயே விடாது. பிரேக் கோளாறுன்னு பெட்டி பயந்துபோய் வேலை செய்யாம உக்காந்துக்கும்.

அத்தை: எங்கயோ ஒரு கதவு திறந்திருந்தா லிஃப்டு நின்னுடற மாதிரி.

மாப்பிள்ளை: அதேதான். அதே... அய்யோ, இத நான் முதல்லயே பிடிச்சிருக்கணும். பழைய பல்பு எங்க?

அத்தை: ஒன்னு தூணோட போச்சு. இன்னொன்னு முழுசா இருக்கு. நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்னு உங்க பொண்டாட்டி கேலி பண்ணுவாளே... இந்தாங்க, விதை டப்பாலதான் கிடந்துச்சு.

மாப்பிள்ளை: ஒன்னு போதும். கரண்ட்டு இறங்க ஒரு வழி இருந்தா சரி... ம்... மாட்டியாச்சு. ஏறுங்க அத்தை, ஏறுங்க.

அத்தை: கை கழுவலையா?

மாப்பிள்ளை: கையாவது ஒன்னாவது. எடுங்க வண்டிய.

அத்தை: பெல்ட்டு போடுங்க... மாப்ள, இப்பவும் ஓடலன்னா?

மாப்பிள்ளை: ஓடும்.

அத்தை: ஓடலன்னா நாளைக்கு அந்த ஆளு வந்து டயர உதைச்சுப் பாப்பான். நான் ஜன்னல் வழியா பாத்துட்டு நிக்கணும்.

மாப்பிள்ளை: ஓடும் அத்தை. ரோட்டப் பாருங்க. வேகம் பிடிங்க... அவ்வளவுதான். அழுத்துங்க.

அத்தை: அழுத்தட்டுமா?

மாப்பிள்ளை: அழுத்துங்க.

அத்தை: ...அழுத்திட்டேன். கால எடுக்கறேன்.

மாப்பிள்ளை: அத்தை?

அத்தை: பேசாதீங்க. முள்ளையே பாத்துட்டு இருக்கேன்... இறங்கல. மாப்ள, முள்ளு அசையல.

மாப்பிள்ளை: மேடு வருது, இப்பப் பாருங்க... பாத்தீங்களா, தானா மூச்சுப் பிடிச்சு ஏறுது.

அத்தை: ஏறுது... ஏறுது என் ராஜா. மாப்ள, என் கால் சும்மா இருக்கு பாருங்க. நீட்டிட்டேன். மடக்கறேன். மறுபடியும் நீட்டறேன்.

மாப்பிள்ளை: சொன்னேன்ல? லிஃப்டுக்காரன்னு இளக்காரமா பேசினீங்களே.

அத்தை: ஆயிரம் தடவை மன்னிப்பு. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

மாப்பிள்ளை: காப்பெல்லாம் வேணாம். யாராவது தெரிஞ்ச ஆளாப் பாக்கணும்னு சொன்னத வாபஸ் வாங்கினா போதும்.

அத்தை: வாங்கிட்டேன். சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா எனக்கு? கண்ணுல தண்ணி வருது, கண்டுக்காதீங்க.

மாப்பிள்ளை: ...சரி, இந்தத் திருப்பத்துல திருப்பிடலாம்.

அத்தை: இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்போம். நல்லா சூடேறட்டும்.

மாப்பிள்ளை: அத்தை... அடுத்த திருப்பமும் போச்சு.

அத்தை: போச்சா? நல்லா ஓடுதுல்ல, கவனிக்கல.

மாப்பிள்ளை: இன்னிக்கு அவகிட்ட சொல்ல வேணாம். நாளைக்கு நிதானமா, நானே பக்குவமா சொல்லிக்கறேன்.

அத்தை: நல்ல சேதிக்கு எதுக்குப் பக்குவம்?

மாப்பிள்ளை: அது... அவ டென்ஷன்ல இருப்பா.

அத்தை: தண்ணி வேணுமா மாப்ள? உங்களுக்கு வேர்க்குது.

மாப்பிள்ளை: அத்தை, இது டவுன் பாலம். நாம இவ்வளவு தூரம்...

அத்தை: செடி வாடிடும். ஏத்தினது ஏத்தினதுதான், கடையில இறக்கிட்டுப் போலாம்னு பாத்தேன். இதோ, பிரேக் தொட்டதும் க்ரூஸ் விட்டுடுச்சு. எவ்வளவு மரியாதை பாருங்க இதுக்கு.

மாப்பிள்ளை: கடை இடது பக்கம். நீங்க வலது பக்கம் திரும்பிட்டீங்க.

அத்தை: தெரியும்.

மாப்பிள்ளை: இது எங்க தெரு.

அத்தை: தெரியும் மாப்ள. ஃபோன் அடிக்குது, எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

மாப்பிள்ளை: வேணாம் அத்தை, அப்புறமா நானே...

அத்தை: குடுங்க இப்படி. வண்டி நின்னாச்சு, இனிமே பேசலாம்.

மகள்: என்னங்க, இன்னும் கிளம்பலையா? அம்மாகிட்ட முடியலன்னு சொல்லிட்டீங்களா? சரி பண்ற மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு கைய விரிச்சுடுங்கன்னு எத்தனை வாட்டி சொல்லி அனுப்பினேன். அழுதாங்களா? ஏன் ஒன்னும் பேச மாட்டேங்கறீங்க? இங்க வேற எவனோ வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுக் கொல்றான்... என்னங்க? கேக்குதா?

அத்தை: நல்லாக் கேக்குதும்மா. முந்தாநாள் எங்கிட்ட பேசி முடிச்சுட்டு, ஃபோன வைக்காமலே உன் புருஷனுக்குப் பாடம் எடுத்தியே, அப்பவும் இதே மாதிரி தெளிவாத்தான் கேட்டுச்சு. பாவம், நீ சொன்னபடி கைய விரிக்கத்தான் பாத்தாரு, நான்தான் அவர் ரோஷத்தக் கிளறி விட்டேன். ஹாரன் அடிக்கறவ நான்தான், கீழ வா... உன்னையும் உக்கார வச்சு ஒரு ரவுண்டு போகணும்.