மூன்றாம் கிடங்கு வேண்டாம் என்றேன்

கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு நாற்பது தாண்டினால் முதுகுதான் முதலில் போகும், மேடம். அதனால்தான் இந்த நாற்காலிக்கு ஒரு தலையணை கேட்டேன். வேறு பதற்றம் எதுவும் இல்லை. போலீஸ் வேலையிலும் உட்கார்ந்தே எழுதுகிறீர்கள், நீங்களும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அரிசி ஆலையின் கிடங்குக்காரர் மாங் டிபோவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருடைய கவனக்குறைவால்தான் மூன்றாம் கிடங்கில் ஓர் ஆடிட்டர் செத்துப்போனார் என்று கபனாத்துவான் சந்தை முழுக்கப் பேச்சு. அது தப்பு. ஒருவர் பெயரில் ஏற வேண்டியது இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தொழில் புத்தி அப்படி. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

இறந்தவன் ஆர்செனியோ. மணிலாவில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரன். என் மகள் காரினாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்றவன், அவளுக்கு ஞானத்தகப்பன். அதனால் நான் அவனுக்குக் கும்பாரே, அவன் எனக்குக் கும்பாரே. பேர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடம் ஆகிவிட்டது.

ஆடிட்டர் பரீட்சைக்குப் படித்த காலத்தில் மணிலாவில், சம்பலோக் பக்கம் ஒரே அறையில் இருந்தோம். ஒரு மின்விசிறி, அதுவும் அவன் பக்கம்தான் திரும்பும். வரிச் சட்டம் அவனுக்கு ஏறவே ஏறாது. நான்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஊட்டினேன். முடிவு வந்தபோது அவன் நாட்டிலேயே மூன்றாவது. நானும் தேறினேன். அதை நான் சொன்னால்தான் உண்டு, யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் வழக்கம் தெரியுமே, யாராவது பரீட்சையில் தேறினால் நகராட்சி வாசலில் துணியில் பெயர் எழுதிக் கட்டிவிடுவார்கள். ஆர்செனியோ பெயர் எருமை அளவில் இருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்வது போல என் பெயர். என் அம்மா அவனுடைய அம்மாவோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். நின்ற இடத்தில் அவள் தலை என் பெயரை மறைத்துவிட்டது. வீட்டில் இன்னும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது.

அவன் மணிலாவிலேயே தங்கினான். என் அப்பா படுத்த படுக்கையானதால் நான் ஊர் திரும்பி இந்த ஆலையில் சேர்ந்தேன். முதலில் எடைச்சீட்டு எழுதினேன். பிறகு நெல் கொள்முதல் கணக்கு, பிறகு சம்பளக் கணக்கு, கடைசியில் கணக்குப் பிரிவுக்கே தலைவன். ஒவ்வொரு படியும் நானே ஏறியது. எனக்கு மேலே ஒரே ஒரு நாற்காலி பாக்கி இருந்தது, நிதி இயக்குநர் நாற்காலி. அதில் இருந்த வில்லராமா அம்மா ஓய்வு பெறப் போவதாகச் சொன்னதும் முதலாளி பென்சன் சார் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"டெல்ஃபின், அடுத்தது நீதான்யா. கிறிஸ்மஸ் முடியட்டும், சொல்லிடலாம்."

என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் பார்த்தேன். முதுகுக்கு மிக நன்றாக இருந்தது.

ஆலையின் கிறிஸ்மஸ் விருந்தில், பான்சிட் நூடுல்ஸ் தட்டோடு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, பென்சன் சார் மைக்கைப் பிடித்து அறிவித்தார். புது நிதி இயக்குநர் ஆர்செனியோ. மணிலா வாழ்க்கை அலுத்துவிட்டதாம், மாமியாருக்கும் உடம்பு சரியில்லையாம், ஊரோடு வந்துவிடுகிறானாம். கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். இலவு காத்த கிளி என்று சொல்வார்களே, அந்தக் கிளியாவது யாருக்கும் கைதட்ட வேண்டியதில்லை. அன்று பரிசுக் குலுக்கலில் எனக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது.

ஆர்செனியோ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"கும்பாரே, நீ இருக்கேங்கிற தைரியத்துலதான்டா ஒத்துக்கிட்டேன். எனக்கு நெல்லும் தெரியாது, உமியும் தெரியாது. இனிமே நீதான் என் வலது கை."

"அதுக்கென்ன, இருந்துட்டாப் போச்சு," என்றேன்.

முதலாளி எனக்கு வாக்குக் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. அவன் மனதில் சூதும் கிடையாது. சூது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நல்லவன் ஒருவன் நம் பங்கை எடுத்துத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது, சொல்லுங்கள்? வயிறு எரிந்தது, மேடம். அதை மறைக்கவில்லை. ஆனால் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை என்றால் அடுத்தவன் பொருள் மேல் வருவது. அது என் நாற்காலி.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது காரினா, கல்லூரியில் கணக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"அப்பா மாதிரியாடா?" என்று கேட்டேன்.

"நினோங் மாதிரிப்பா," என்றாள் வாயில் சோற்றோடு. ஞானத்தகப்பனை அப்படித்தான் அழைப்பாள். "நீ இந்த ஊரை விட்டே போகலையே."

குழந்தை மேல் தப்பில்லை. நான் அவள் தட்டில் இன்னொரு லோங்கனீசா, அந்த இறைச்சித் துண்டு, வைத்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வருடக் கடைசியில் ஆடிட்டர்கள் வந்து கிடங்கில் உள்ள மூட்டையைக் கண்ணால் பார்த்து எண்ணுவார்கள். சேரப்போகிற கம்பெனியில் ஆர்செனியோ எண்ண வந்திருக்கவே கூடாது, அது விதி. வேறொரு பங்குதாரர் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. இவன், "கடைசியா ஒரு தடவை மூட்டை மேல ஏறிட்டு வரேன் கும்பாரே, ஆசையா இருக்கு" என்று கூடவே கிளம்பிவிட்டான். விதியை மதித்து வீட்டில் இருந்திருந்தால் இன்று அவன் பிள்ளைகள் கறுப்புத் துணி போட்டிருக்க மாட்டார்கள். இதை யாரும் பேசுவதில்லை.

மூட்டை மேல் ஏறுவதில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. இளவயதில் வேறு ஏதோ ஊரில், சுற்றிலும் சுவர் போல மூட்டை அடுக்கி நடுவில் வெறுமையாக விட்டிருந்ததை, மேலே ஏறிப் பார்த்துக் கண்டுபிடித்தவன் அவன். அந்தக் கதையை எந்த விருந்திலும் சொல்லாமல் விட்டதில்லை. பங்குதாரன் ஆன பிறகும் கிடங்கு என்றால் கோட்டைக் கழற்றிவிட்டு ஏறிவிடுவான்.

மூன்றாம் கிடங்கில் அந்த மாதம் வண்டு விழுந்திருந்தது. விஷ வாயு மருந்து வைத்து, கதவு இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி மூடினால் பல நாள் யாரும் உள்ளே தலை நீட்டக் கூடாது. எப்போதும் ஆடிட்டர்கள் எண்ணிவிட்டுப் போன பிறகுதான் வைப்போம். இந்த முறை சனிக்கிழமையே வைக்கச் சொல்லி மாங் டிபோவுக்கு உத்தரவு எழுதியது நான். அவர் தலையைச் சொறிந்தார்.

"திங்கக்கிழமை ஆடிட்டருங்க வர்றாங்களே சார்?"

"அவங்க மத்த கிடங்கெல்லாம் பாத்தாப் போதும். நீங்க வெச்சுட்டு, திங்கக்கிழமை லீவு போட்டு மகளைப் போய்ப் பாத்துட்டு வாங்க."

பாவம், கையைப் பிடித்து நன்றி சொன்னார். மண்டையோடு வரைந்த பலகையைக் கதவில் மாட்டி, சிவப்புத் துணியும் கட்டிவிட்டுத்தான் போனார். அவர் சொல்வது முழுக்க உண்மை. அந்தப் பலகையும் துணியும் வெளியே நிற்கும் என் ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கின்றன. இதோ சாவி. இடுக்கில் ஒட்டியிருந்த காகிதத்தையும் திங்கள் காலை நான்தான் கிழித்தேன்.

ஆர்செனியோ தன்னுடன் இரண்டு பெண் ஆடிட்டர்களை அழைத்து வந்திருந்தான். ஆலை முற்றத்தில் அவர்கள் காது கேட்கத்தான் சொன்னேன்.

"கும்பாரே, ஒண்ணு, ரெண்டு, நாலு எல்லாம் தாராளமாப் பாத்துக்கோ. மூணு மட்டும் இன்னைக்கு வேணாம்."

அந்தப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நான் தடுத்தேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எலி வாசம் கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டான்.

"ஏன்டா, மூணுல என்ன, நடுவுல காத்து அடிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சொன்னாக் கேளு."

"இத்தனை வருஷம் நீ எதையும் வேணாம்னு சொன்னதே இல்லையே கும்பாரே. சாவியக் குடு."

ஆடிட்டரிடம் ஓர் இடத்தைக் காட்டி இங்கே வராதே என்றால், அவன் முதலில் அங்கேதான் போவான். சம்பளமே அதற்குத்தான். வேறு எந்த மனிதனிடம் அப்படிச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிட்டு விலகிப் போவான். நான் பென்சன் சார் அறை ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சாவியைக் கொடுத்தேன். அவன் அந்தப் பெண்களை ஒன்றாம் கிடங்குக்கு அனுப்பிவிட்டு என் தோளில் கை போட்டான்.

"பயப்படாதடா. முதலாளி ஏதாவது தில்லுமுல்லு பண்ணியிருந்தா உன் மேல வராமப் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிடம் என்னவோ செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், என்னைக் காப்பாற்ற அவன் யார்? அந்த அதிகாரம் என் நாற்காலியோடு வந்த அதிகாரம்.

கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தான்.

"என்ன இது, பூண்டு வாடை?"

"கேன்டீன்ல பூண்டுச் சோறு வறுக்கிறாங்க," என்றேன்.

மருந்து வாயுவுக்கும் அதே வாடைதான், ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. அன்று காலை வறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் வாழ்நாளில் ஓர் ஆடிட்டரிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

கம்பெனி ஆள் வாசலில் நிற்க வேண்டும், ஆடிட்டர் ஏற வேண்டும், அதுதான் முறை. நான் வாசலிலும் கொஞ்சம் தள்ளி, காற்று வரும் பக்கமாக நின்றேன். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஏறினான். மருந்து பரவுவதற்காக நடுவில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு இடம் விட்டு அடுக்கச் சொல்லியிருந்தேன். மேலேயிருந்து அவன் குரல் கேட்டது, அவ்வளவு சந்தோஷம் அதில்.

"கண்டுபிடிச்சுட்டேன் கும்பாரே, நடுவுல காலி. இறங்கிப் பாக்கறேன் இரு."

பிறகு மூட்டை உரசும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமல், வாந்தி எடுக்கும் சத்தம். நான் கதவை மூடினேன். பூட்டவில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், பூட்டவே இல்லை. மூன்றாம் கிடங்கு வாசலில், மருந்து வைக்கும்போது மாட்டிக்கொள்ளும் முகமூடி இரண்டு எப்போதும் தொங்கும். அவை என் தலைக்கு மேலேயே தொங்கின. கை நீட்டினால் எடுத்திருக்கலாம். ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்திருக்கவும் முடியும், அவன் அப்படி ஒன்றும் கனமான ஆள் இல்லை. நான் எடுக்கவில்லை, மேடம். கேன்டீனுக்குப் போய் சோறும் முட்டையும் சாப்பிட்டேன். திரும்பி வந்து கதவை அகலத் திறந்து வைத்து, அதன் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன். ஆர்செனியோவைக் கொன்றது நான். மாங் டிபோவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர் மகள் வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்.

மனம் இரங்கவில்லையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இரங்கத்தான் இருந்தேன். கதவை மூடும்போது அவன் என்னைக் கூப்பிட்டான். "டெல்ஃபின்," என்றான். மறுபடியும், "டெல்ஃபின்." வெறும் பெயர், மேலதிகாரி கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. கும்பாரே என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் உள்ளே போயிருப்பேன்.