கதிர் படாத பை

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஊசியைப் பார்ப்பதில்லை, மாம்பழ ஜூஸைத்தான் பார்ப்பார்கள். ஒரகடத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். மனிதர்களிடம் கற்க வேறெதுவும் இல்லை, ஐயா.

ரகுபதியைப் பற்றித்தானே கேட்டீர்கள். நிலத்தை ஆலைக்கு விற்று, இருங்காட்டுக்கோட்டையில் அறைகள் கட்டி வாடகைக்கு விடும் பெரிய மனிதர். அவர் மகள் பிரவீனாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி ரத்தம் குறைந்துபோயிருந்தது. ஓ நெகட்டிவ் பை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு குடுத்ததுப்பா?"

"நான்தான் சார். வில்சன். வாலாஜாபாத்."

"வாலாஜாபாத்துல எந்தத் தெரு?"

சொன்னேன். பையை மேசையில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எம் புள்ள கார்முகில் கீறான், அதே குரூப்பு. அவங்கிட்ட எடுத்துக்கோ. கண்டவன் ரத்தம் எம் பொண்ணுக்கு வேணாம்."

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. வெள்ளைவேட்டி முட்டாள்களைத் தினமும்தான் பார்க்கிறேன்.

நீங்கள் படித்தவர், இருந்தாலும் இது தெரிந்திருக்காது. கொடுத்தவருடைய வெள்ளணுக்களும் ரத்தத்தோடு உள்ளே போகும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடம்பு பெரும்பாலும் அடித்துத் துரத்திவிடும். உடன்பிறந்தவனுடையது என்றால் சில சமயம் நம் ஆள் என்று விட்டுவிடும். அவையோ அப்படி நினைப்பதில்லை. தங்க இடம் கொடுத்த வீட்டையே சுருட்டும் சொந்தக்காரனைப் போல, உட்கார்ந்து பெருகித் தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் அழிக்கும். அதனால்தான் பையைக் கதிர்வீச்சுப் பெட்டியில் வைக்கிறோம். கதிர் பட்ட அணுக்கள் பெருகாது. சில நிமிட வேலை, பெட்டியும் அடுத்த அறையில்தான் இருந்தது.

என் பைக்குக் கதிர் காட்டி முடித்திருந்தேன். கார்முகிலின் பைக்குக் காட்டவில்லை. கதிர் பட்டு நிறம் மாறிய ஸ்டிக்கரை என் பையிலிருந்து உரித்து அவன் பையில் ஒட்டினேன். நர்ஸ் ஸ்டிக்கரைத்தான் பார்ப்பாள்.

ஏற்றிய சில நாளில் பிரவீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. டாக்டர்கள் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், பட்டம் வாங்கியவர்கள் பாவம். "சொந்த ரத்தம் ஏத்தியும் இப்டி ஆயிட்ச்சே" என்று வராந்தாவில் ரகுபதி அழுதபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிரவீனா செத்துப்போனாள்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆமாம், ரத்தம் ஏற்றுவதற்கு முன் அவள் என்னைக் கூப்பிட்டது உண்மைதான். "அண்ணா, அப்பா பேசுனது தப்பு. உங்க ரத்தத்தையே ஏத்திடுங்க, அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு, அவள் அண்ணனுடைய பையை நர்ஸிடம் கொடுத்தேன். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சிரித்தாள்.

வீட்டுப் பெரியவர் ஒன்று சொன்ன பிறகு, சின்னப் பெண் சொல்வதை யார் ஐயா கேட்பார்கள்?