அநாதை லிஸ்ட்டில் இருந்த குரல்

ஜோன்ஸ்: யக்கா, மனுச குலத்துக்கு லினக்ஸ் குடுத்த மாபெரும் ஞானம் என்ன தெரியுமா? வேண்டாததைத் தூக்கிப் போடு. திரும்பிப் பாக்காத!

சுனிதா: இது ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரு. ஒன் ஞானத்தை வெளிய நைன்ட்டி ஃபீட் ரோட்டுலயே விட்டுட்டு வா. என்னத்தலே தூக்குன?

ஜோன்ஸ்: சிஸ்டத்தைப் புது வெர்ஷனுக்கு ஏத்துனேன். அதுவே ஒரு லிஸ்ட் குடுத்துச்சு. எந்த சாஃப்ட்வேருக்கும் வேண்டாத, எங்கயும் அப்டேட் வராத அநாதை பேக்கேஜ் எல்லாம். ஒரே கமாண்டு... சாரா கச்ரா சாஃப், குப்பை பூரா காலி!

சுனிதா: நல்லாப் பாத்துத்தான தூக்குன?

ஜோன்ஸ்: "நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு. அது கேட்டு முடிக்குமுன்ன ஆமான்னு 'ஒய்' அடிச்சிட்டேன்.

சுனிதா: எதெல்லாம் போச்சு?

ஜோன்ஸ்: செத்துப்போன பிரிண்டரோட டிரைவரு, ரெண்டு ஃபான்ட்டு... அப்புறம், டைப் அடிச்சதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுற குரல் ஒண்ணு. சளி பிடிச்ச கழுதை மாதிரி இழுக்கும். அதைக் கேட்டுத் தமிழ் படிக்க முட்டாள் எவன்க்கா...

சுனிதா: அதைத் திரும்பப் போடு.

ஜோன்ஸ்: யாரோ ஒரு வாத்தியார் சொந்தமா செஞ்சு வச்சது. அந்த சைட்டே இப்ப இல்ல.

சுனிதா: அன்னைக்கு எறக்குன ஃபைலு உள்ள கிடக்கும்லா?

ஜோன்ஸ்: அதையும் துடைச்சாச்சு. பழசை பென் டிரைவ்ல ஊறுகாய் போடுறது பயந்தாங்கொள்ளி வேலை. என் பாலிசி என்னன்னா...

சுனிதா: ஒன் பாலிசில தீய வைக்க! அது எங்க வீட்டுக்காரருக்கு, ஒங்க அத்தானுக்குலே.

ஜோன்ஸ்: தாவீது அத்தானுக்கா? அவுக சர்ச்சுல வேதத்தைக் கணீர்னு வாசிப்பாகளே?

சுனிதா: ஹிந்தி ஸ்கூல்ல படிச்ச மனுசன், தமிழ் வாசிக்கத் திணறுவாவ. மத்தியானம் கடையில ஆள் இல்லாதப்ப ஹெட்போனை மாட்டி, கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணுவாவ. சர்ச்சுல புஸ்தகத்தை சும்மா விரிச்சு வச்சிருப்பாவ. அம்புட்டுதான்.

ஜோன்ஸ்: நீ வாசிச்சுக் காட்டுறதுக்கென்ன?

சுனிதா: எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரிஞ்சிரும்லா... நாளைக்கு அத்தையோட நினைவு ஆராதனை. அம்மாவுக்கு மகன்தான் வாசிக்கணும்னு பாஸ்டர் சொல்லிட்டாவ. இப்பக் கேக்க வருவாவ.

ஜோன்ஸ்: ...தப்புப் பண்ணிட்டேங்க்கா.

சுனிதா: நீ வாசிச்சுப் பதிஞ்சு வை. என் குரல்னா கண்டுபிடிச்சிருவாவ. மெஷின் மாதிரியே இழு.

ஜோன்ஸ்: நானா? யக்கா... எனக்கு...

சுனிதா: தமிழ் நமக்குத் தண்ணின்னு பீத்துவ?

ஜோன்ஸ்: பேசுறது தண்ணி. வாசிக்கிறது... ஒரு லைன் முடியுமுன்ன சாயா ஆறிரும். சரி, மைக்கைக் குடு. நீ பக்கத்துலயே இரு.

*

தாவீது: ஜோன்ஸு... குரல் மாறியிருக்கு?

ஜோன்ஸ்: புது வெர்ஷன், அத்தான்.

தாவீது: பழசைவிட இழுக்கு.

ஜோன்ஸ்: சளி... மெஷினுக்கு.

தாவீது: நடுவுல "யக்கா, இது என்ன எழுத்து?"ன்னு கேக்குது.

சுனிதா: அடப்பாவி, அதை வெட்டலையாலே?

ஜோன்ஸ்: மன்னிச்சிருங்க அத்தான். எல்லாம் என் வேலைதான். இதை அழிச்சிருதேன்.

தாவீது: அழிக்காத. அந்த எழுத்துலதான் நானும் நின்னு போவேன்... எங்கம்மாவுக்கும் தெரியும், ஒங்கக்காவுக்கும் தெரியும். ஒரு காப்பி எடுத்து வை.

ஜோன்ஸ்: எடுத்தாச்சு, அத்தான்... ரெண்டு பென் டிரைவ்ல.